ஒரு பக்கம் சாது, ஒரு பக்கம் கோபக்காரன்

பெரியவளுக்குத் தாடி வளரும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. லேசான நிழல், பூனை முடி என்றெல்லாம் அவளுடைய அம்மா சொல்லிவந்த சப்பைக்கட்டு நமக்கு வேண்டாம். தாடை நெடுகக் கருகருவென்று, ஒரு நாள் விட்டால் உள்ளங்கையில் குத்துகிற அசல் தாடி. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார்; உடம்பு ஊதியதே தவிர தாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல் போட்டுப் பிடுங்கினாள், மெழுகு தடவி உரித்தாள், முகமெல்லாம் கொப்புளம். கடைசியில் ஒரு நாள் காலை, இறந்துபோன அப்பாவின் ரேசரை அலமாரியிலிருந்து எடுத்தாள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, மொத்தத்தையும் மழித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். முகம் சில்லென்று இருந்தது. பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. இதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்றாள். சவரம் பண்ணும்போது குழாயைத் திறந்து வை, சத்தம் கேட்கக்கூடாது என்றாள். ரேசரைத் துணியில் சுற்றி வை, யாராவது வந்தால் கண்ணில் படும் என்றாள். பெரியவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. அத்தனை வருஷமும் தினம் காலையில் அந்த வீட்டில் குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. வீணாய்ப் போன தண்ணீரை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

அவள் வேலை பார்த்தது சித்தப்பாவின் கடையில். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே சவரச் சாமான் கடை. முன்புற அலமாரியில், இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேடு போடும் ரேசர்கள் வரிசையாக நிற்கும். குட்டைக் கைப்பிடி, நீளக் கைப்பிடி, சீப்பு மாதிரிப் பல் வைத்த தலை, மொழுக்கென்ற தலை என்று விதவிதமாக. இணையத்தில் ஆர்டர் வரும். பின்னறையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி கட்டி அனுப்புவது பெரியவளின் வேலை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இதில் எது நல்ல ரேசர்? எல்லாமே நல்ல ரேசர்தான் என்பார் சித்தப்பா. அதைக் கேட்டுக் கேட்டுப் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் முகத்தில் போட்டுப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா, எது வழுக்குகிறது, எது பிடித்து இழுக்கிறது என்று?

ஆகவே எழுத ஆரம்பித்தாள். இரண்டு ரேசர், இரண்டிலும் ஒரே கம்பெனியின் புது பிளேடு. இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு ஒன்று. மறுநாள் பக்கம் மாற்றிக்கொள்வாள். மழித்து முடித்ததும் படிகாரக் கல்லை நனைத்து முகமெல்லாம் தேய்ப்பாள். எங்கே எரிகிறதோ அங்கே ரேசர் தோலைச் சுரண்டியிருக்கிறது. சாயங்காலம் துளிப் பஞ்சை எடுத்துத் தாடையில் ஓட்டுவாள். எந்தப் பக்கம் பஞ்சு மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அந்தப் பக்கம் முடி சரியாக எடுபடவில்லை. சுகத்தைப் படிகாரம் சொல்லும், சுத்தத்தைப் பஞ்சு சொல்லும். சுகம், சுத்தம் என்று இரண்டே தலைப்பு, அதற்கு மேல் கதை அளக்க மாட்டாள்.

முதல் தடவை எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மாவும் கடையில் இருந்தாள். சித்தப்பா படித்துவிட்டு, அடேயப்பா, இதை யார் போட்டுப் பார்த்தது என்று கேட்டார். பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, சின்னவன் போட்டுப் பார்த்துச் சொன்னான், இவள் உட்கார்ந்து எழுதினாள் என்று போட்டாளே ஒரு போடு. பெரியவள் மென்று விழுங்கினாள். ஆனால் கடையின் இணையப் பக்கத்தில் இதை ஏற்றலாம், கீழே என்ன பெயர் போடலாம் என்று சித்தப்பா கேட்டபோது, 'தாடி' என்று போடுங்கள் என்றாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்ல வேடிக்கையான பெயர் என்று அதையே போட்டுவிட்டார்.

சின்னவன் அவளுடைய தம்பி. செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். நல்லவன்தான், ஆனால் படு சோம்பேறி. மழிக்கச் சோம்பல்பட்டுத்தான் அவன் தாடி வளர்க்கத் தொடங்கினான். வளர்ந்த பிறகு அதன்மேல் உயிரையே வைத்துவிட்டான். எண்ணெய் தடவுவதென்ன, சீப்புப் போட்டு வாருவதென்ன, கைக்குழந்தையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். முழுத் தாடி வைத்திருக்கிறவன் எப்படி ஓயாமல் ரேசர் போட்டுப் பார்க்கிறான் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆம்பிளையாக இருந்தால் போதும், மற்றது தன்னால் வந்துவிடும் என்று நினைப்பு.

தாடியின் எழுத்து பிய்த்துக்கொண்டு போயிற்று. தாடி அண்ணே, இந்த ரேசர் எப்படி? தாடி அண்ணே, என் தோலுக்கு எது சரிவரும்? அண்ணே, அண்ணே என்று கடையின் இணையப் பக்கம் நிரம்பி வழிந்தது. பெரியவள் பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லோருக்கும் பதில் போட்டாள்.

எல்லாவற்றிலும் பேர் வாங்கியது சாதுவுக்கும் கோபக்காரனுக்கும் நடந்த போட்டிதான். பிளேடு வெளியே அதிகம் தெரியாத, மொழுக்கென்ற ஒரு ரேசருக்குச் சாது என்று பேர் வைத்தாள். பிளேடு துருத்திக்கொண்டு நிற்கும் கனத்த இன்னொன்றுக்குக் கோபக்காரன். சுகம் வேண்டுமானால் சாதுதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை என்று அவள் எழுதினாள். சாது முடியைச் சரியாக எடுக்காது. எடுக்காததால் அழுத்துவீர்கள், அழுத்தி அழுத்தி அதே இடத்தில் இழுப்பீர்கள், பிறகு படிகாரத்தை வைத்ததும் துள்ளிக் குதிப்பீர்கள். கோபக்காரனை அழுத்தவே வேண்டாம். அதன் கனத்திலேயே அதை இறங்க விடுங்கள். ஒரே இழுப்பில் வேலை முடியும், எரிச்சலும் குறைவு. இப்படி எழுதியதும் பெரிய சண்டையே மூண்டது. திட்டியவர்களே வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, தாடி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு என்று எழுதினார்கள்.

வியாபாரம் சூடுபிடித்தது. சித்தப்பா பெரிய தெருவில் இன்னொரு கடை பிடித்தார். அந்தக் கடையைத் தாடியே நடத்துவார் என்று கடையின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார். பெரியவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தக் கடைமேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. பெட்டி கட்டுகிற அறையை விட்டு, வெளிச்சத்தில், முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்!

இந்த நேரத்தில்தான் பஸ் டிரைவர் ஒருவர் அந்தக் கேள்வியைப் போட்டார். நெடுநாள் வாடிக்கைக்காரர், அவள் எழுதியது ஒன்று விடாமல் படித்தவர். கன்னத்தைப் பற்றி எழுதுகிறீர்கள், தாடையைப் பற்றி எழுதுகிறீர்கள், மேலுதடுகூட விடவில்லை. தொண்டையில் துருத்திக்கொண்டு நிற்கும் சங்கைப் பற்றி மட்டும் இத்தனை நாளில் ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டிருந்தார். அவருக்கு ரேசர் வெட்டுவதே அங்கேதானாம். 'தாடி அண்ணே, உங்களுக்குச் சங்கே கிடையாதா?' என்று முடித்திருந்தார்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தத் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மொழுமொழுவென்று இருந்தது. ஆண்களுக்கு எழுதுகிறோம், ஆண்களின் தொண்டையில் என்ன இருக்கிறது என்பது நினைப்பிலேயே இல்லையே என்று தன்னைத் தானே நொந்துகொண்டாள். அதற்குள் ஆளாளுக்குக் கேலி பேச ஆரம்பித்தார்கள். தாடி என்று ஓர் ஆளே கிடையாது, கம்பெனிக்காரன் காசு கொடுத்து எழுத வைக்கிறான் என்று ஒருவர் கிளப்பிவிட்டார்.

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புதுக் கடை திறப்பு. தாடி எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, ஒரு பக்கம் சாது, ஒரு பக்கம் கோபக்காரன் என்று மழித்துக் காட்டுவார், அங்கேயே கடைச் சாவியையும் வாங்கிக்கொள்வார், சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார். அறிவித்துவிட்டுச் சின்னவனுக்குப் போன் பண்ணித் தாடியை எடுக்கத் தயாராக இரு என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. சின்னவன் தாடியைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதை வளர்க்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா என்று புலம்பினான். ஆனால் கடை வேண்டாம் என்று அவன் வாயிலிருந்து வரவில்லை. அம்மா அவனைச் சமாதானம் பண்ணினாள், முடிதானே, மறுபடி வளரும் என்றாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, ரெண்டு நாளில் இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்துவிடு என்றாள்.

பெரியவள் தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டாள். சாதுவா கோபக்காரனா, எது சுகம்?

"சாதுதான்," என்றான் அவன். "பேர்லயே இருக்கே."

அவள் எழுதியதில் ஒரு வரிகூட அவன் படித்ததில்லை. பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இது என் கடை அம்மா, நான் மழித்து, நான் எழுதி, என் முகத்தால் வந்த கடை என்றாள்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கடை யார் பேர்ல இருந்தா என்னடி? உள்ள உக்காந்து பாத்துக்கப்போறது நீதானே."

"இத்தனை வருஷமா உள்ளதானேம்மா உக்காந்திருக்கேன்."

வெளியே தெரிந்தால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மா அழுதாள். அவள் அழுகை பொய்யில்லை. மகளைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து பயந்தே தலை நரைத்தவள் அவள். ஆனாலும் எனக்கு அவள்மேல் கோபம்தான். பெற்ற பெண்ணின் முகத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி மூடி மூடி வைத்தால் எப்படி?

சனிக்கிழமை காலை பெரியவள் வழக்கம்போலக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். முகத்தைக் கழுவினாள். ரேசரைச் சுற்றியிருந்த துணியைப் பிரிக்காமலே வெளியே வந்துவிட்டாள். அன்று கடைக்கு விடுமுறை. நாள் பூராவும் அம்மா கண்ணில் படாமல் அறைக்குள் உட்கார்ந்து, புதுக் கடைக்கு வேண்டியதைத் துடைத்து அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையும் அதேதான். தாடை நெடுகக் கறுப்பு ஏறியிருந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். "இன்னும் முகம் கழுவலையாடி?"

"கழுவிட்டேம்மா."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஓடிப்போய்ச் சால்வையை எடுத்துவந்து நீட்டினாள், முகத்தைச் சுற்றிக்கொள் என்று. பெரியவள் அதை வாங்கி, மடித்து, நாற்காலிமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பயம் இல்லை என்று யார் சொன்னது? நிறுத்தத்துக்குப் போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். முன் சீட்டுப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் மடியில் இருந்த குழந்தை, அம்மா, அந்த அக்காவுக்குத் தாடி என்றது. தாய்க்காரி அதன் தொடையில் கிள்ளினாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. குழந்தை உள்ளதைத்தானே சொன்னது, அதற்கு எதற்குக் கிள்ளு? ஆமாம் கண்ணு, தாடிதான் என்றாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பயத்தைத் தள்ளிக்கொண்டு ஆத்திரம் மேலே வந்தது.

புதுக் கடையில் பெயின்ட் வாசனை போகவில்லை. நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். அம்மா சின்னவனோடு ஆட்டோவில் முன்னாலேயே வந்து முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி, மேஜைமேல் சாதுவும் கோபக்காரனும். பஸ் டிரைவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையில் சங்கு ஏறி இறங்கியது. பெரியவள் பின்வாசல் வழியாக வந்து நின்றாள்.

சித்தப்பா பேச ஆரம்பித்திருந்தார். நம்ம தாடி இல்லாவிட்டால் இந்தக் கடை இல்லை என்று சின்னவன் தோளில் கை போட்டார். சின்னவன் அசடு வழிந்துகொண்டு நின்றான். கத்தரிக்கோலைக் கையில் பிடித்திருந்தானே தவிர, தாடியில் வைக்க மனசு வரவில்லை.

பெரியவள் நேராக நடந்து போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தம்பி உட்கார வேண்டிய இடம் அது, எழுந்திரு என்றார் சித்தப்பா. சொல்லிக்கொண்டே குனிந்தவர், கண்ணாடி விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தாடி, சித்தப்பா. இதுதான் உங்க தாடி. இத்தனையும் எழுதினது இதுதான்."

பிரஷ்ஷில் சோப்புக் குழைக்க வெந்நீர் வேண்டும் என்று அவள் கேட்டாள். ஒருவரும் அசையவில்லை. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினானே சின்னவன்! தாடி தப்பித்த சந்தோஷத்தில் கிண்ணம் வழிய வழிய வெந்நீர் கொண்டுவந்தான். அப்போதே நல்லவன்தான் என்று சொன்னேனே.

அவள் முகமெல்லாம் நுரை பூசினாள். இடது பக்கத்துக்குச் சாதுவை எடுத்தாள். காதோரம் வைத்துக் கீழே இறக்கினாள். கரகரவென்று சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. சாது பாதி முடியை விட்டுவிட்டுப் போயிற்று. பார்த்தீர்களா, இப்போது கை தன்னால் அழுத்தும் என்று சொல்லி, அழுத்தி இன்னொரு முறை இழுத்துக் காட்டினாள். இரண்டு முறை, மூன்று முறை. குரல் முதலில் பிசிறியது, பிறகு தெளிந்தது. இது அவள் பேச்சு, அவள் எழுத்து. அதை வாயால் சொல்கிறாள், அவ்வளவுதான்.

பின்னால் நின்றிருந்த ஒருவர், ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டா இத்தனை நாளும் ரேசர் வாங்கினோம் என்று உரக்கச் சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார். பெரியவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வாங்கினீங்களே, வெட்டுச்சா?"

அவர் போகவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டார்.

பஸ் டிரைவர் கையைத் தூக்கினார். அப்படியானால் அந்தச் சங்கு விஷயம் என்று இழுத்தவர், யாரைப் பார்த்து என்ன கேட்கிறோம் என்பது உறைத்ததும் தொண்டையைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குச் சங்கு கிடையாதுங்க. அதனாலதான் எழுதல. போட்டுப் பாக்காததை எழுதற பழக்கம் எனக்கு இல்ல," என்றாள் அவள்.

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார், இன்னொருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மாவும் எழுந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் நின்றாள். வீட்டுக்குப் போகவில்லை.

இடது பக்கம் முடிந்தது. சித்தப்பா அவள் காதருகே வந்து மெதுவாகப் பேசினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கணக்குப் போடுகிற மனிதர். நடந்தது நடந்துவிட்டது, இதோடு நிறுத்திக்கொள்வோம், இங்கே இருக்கிறவர்கள் நம்ம ஆட்கள், வெளியே சொல்ல மாட்டார்கள் என்றார். கடையை நீயே பார்த்துக்கொள். வெளி உலகத்துக்குத் தாடி அண்ணனாகவே இருக்கட்டும், சாவி தம்பி கையில் இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார்.

பெரியவள் எழுந்து நின்றாள். முகத்தில் ஒரு பக்கம் நுரை, ஒரு பக்கம் சிவந்த தோல். மெதுவாகப் பேசுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"கடை உங்களுது சித்தப்பா. வேணாம்னா குடுக்காதீங்க. ஆனா அந்தப் பேரு என்னுது. நான் போனா அதுவும் என்கூட வந்துடும். நாளைக்கு இன்னொரு கடையில உக்காந்து எழுதுவேன், இந்த மூஞ்சியோடதான் எழுதுவேன்."

சித்தப்பா சின்னவனைப் பார்த்தார். சின்னவன் இரண்டு கையையும் தாடிமேல் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான், எனக்கு வேண்டாம் என்று. சித்தப்பா கூட்டத்தைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. பையைத் துழாவிச் சாவியை எடுத்து, அவள் பக்கம் திரும்பாமலே மேஜை ஓரத்தில் வைத்தார். எடுத்துக்கொள்ளேன் என்பதுபோல் கையை ஒரு வீசு வீசினார்.

பெரியவள் அதைத் தொடவில்லை.

"கையில குடுங்க சித்தப்பா. என் மூஞ்சியப் பாத்துக் குடுங்க."

அவர் சாவியைத் திரும்ப எடுத்தார். நிமிர்ந்தார். மழித்த பக்கத்தைப் பார்த்தார், நுரைக்குள் கறுப்பாகத் தெரிந்த மற்றப் பக்கத்தையும் பார்த்தார். அவள் முகத்தைத் தாழ்த்தவும் இல்லை, திருப்பவும் இல்லை. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். படிகாரக் கல்லை நனைத்து இடது கன்னத்தில் தேய்த்தாள். சுரீரென்றது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாது எரியுது," என்றாள். "இப்ப அடுத்த பக்கம்."

கோபக்காரனைக் கையில் எடுத்தாள்.